நாட்பட்ட தேறலும் யவனர் மதுவும்

மதுவைச் சுவைத்துத் தரம் கூறுவது மேனாட்டார்க்கே உரிய கலை என்று பலர் எண்ணுவர். பிரான்சு நாட்டுப் போர்தோ வட்டாரத்துச் செம்மது இதற்குப் பெயர் பெற்றது. 1855-இல் பாரிசுப் பொருட்காட்சியை முன்னிட்டு, மூன்றாம் நெப்போலியன் விருப்பப்படி, அங்குள்ள மதுத் தரகர்கள் சிறந்த செம்மதுத் தோட்டங்களை ஐந்து தரமாக வகுத்தனர். சந்தையில் நெடுங்காலம் பெற்று வந்த விலையே அவர்களுக்கு அளவுகோல்.

அம்மது ஆண்டுக்கணக்கில் கெடாதிருப்பது எவ்வாறு? திராட்சையின் தோலிலும் விதையிலுமிருந்து இறங்கும் துவர்ப்பும், பழத்தின் புளிப்பும் அதனைக் காக்கின்றன. கடுந்தேநீர் நாவைப் பிடிப்பது போன்ற அத்துவர்ப்பு, புட்டியில் நாளடைவில் மென்மையடைகிறது. ஆகவே சுவைஞர் இன்றைய சுவையை மட்டும் கூறுவதில்லை. அது இனி எப்படி முதிரும் என்பதையும் கணிக்கின்றனர்.

முதிர்வைப் போற்றும் இக்கண் நம் புலவர்க்கும் இருந்தது. புறநானூற்றை நோக்குவோம். பறம்பு நாட்டின் வளம் கூறும் கபிலர், நிலத்துள் புதைத்து முதிரவைத்த மதுவைக் குறிக்கிறார். முடமோசியார் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலைக் காட்டுகிறார். ஔவையார் பல நாள் சென்ற தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுதலோடு ஒப்பிடுகிறார். தேறல் என்பதே தெளிந்தது என்னும் பொருளுடையது. தெளிவு, காலம், கலம், கடுப்பு ஆகிய நான்கும் இங்கே மதிப்பீட்டுச் சொற்களாயின.

அயல்நாட்டு மதுவையும் அவர்கள் அறிவர். பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தருவதாகப் பாடுகிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில் கிட்டிய இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் இவ்வாணிகத்துக்குச் சான்று பகர்கின்றன.

ஆனால் நம் தோட்டங்களில் இறக்கிய தென்னங்கள் இவ்வாறு முதிரும் பொருளன்று. இறக்கிய சில மணி நேரத்தில் பொங்கும். ஓரிரு நாளில் காடியாகப் புளித்துவிடும். அன்றன்றே குடித்தாக வேண்டும். கூலியும் அன்றன்றே கரைந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களது கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது.

இதனால், ஜொகூர்த் தோட்டப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு அப்பாடல்களை விளக்குவது கூச்சமாயிருக்கலாம். அவற்றை மறைக்க வேண்டுவதில்லை. புலவர் பாடியது பெரும்பாலும் விருந்தையும் கொடையையும். தேறலின் தரம் கொடுப்பவனின் மதிப்பைக் காட்டிற்று. வள்ளுவரோ குடிப்பவன் நிலையை நோக்கிக் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பிப்பதே நேர்மை. சுவையறிதல் வேறு, அடிமையாதல் வேறு என்பதை மாணவர் தாமே உணர்ந்துகொள்வர்.