பிராது சீட்டும் ஈயத்தகடும்

போன வருடம் திண்டிவனம் வீட்டில் அம்மாவின் 2 பவுன் செயின் காணாமல் போச்சு. "போலீஸெல்லாம் வேணாம்டா, கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிடலாம்" என்றார் அம்மா. பி.இ. படித்த மகன் சிரித்தேன். ஆனாலும் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாக வண்டி ஓட்டினது நான்தான்.

விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிறது கோயில். முருகன் இங்கே பலிபீட வடிவம். குறையைத் தாளில் மனுவாக எழுதணும். நம் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்து படிப்பணம் கட்டணும், கோர்ட் அமீனாவுக்குக் கட்டுகிற மாதிரியே! சாமி பாதத்தில் வைத்த சீட்டை விபூதியோடு பொட்டலமாக்கி, முனீஸ்வரர் முன்னால் இருக்கும் வேலில் கட்டுவார்கள். 90 நாளில் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்தால் மறுபடி போய் 'ராஜினாமா' செய்து பிராதை வாபஸ் வாங்கணும்.

விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே திருவாமாத்தூர் வட்டப்பாறை இருக்கே என்று கேட்பீர்கள். அங்கே பொய் சத்தியம் செய்தவன் பிழைக்க மாட்டான் என்பார்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் வந்து சத்தியம் செய்யணும். எடுத்தது யார் என்றே தெரியாதவர்களுக்கு எழுத்துதான் கைகொடுக்கும்.

இதே சிக்கல் ரோமானியர்களுக்கும் இருந்திருக்கு. இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றில் 1979-80 அகழாய்வில் கிடைத்தவற்றில் சுமார் 130 சாபத்தகடுகள் உண்டு. ஈயம் கலந்த மெல்லிய தகட்டில் கீறி, மடித்து, சுலிஸ் மினர்வா என்ற தேவியின் ஊற்றில் போட்டிருக்கிறார்கள். காலம் கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டு வரை. சூனியம் என்றதும் காதலும் கொலையும்தான் ஞாபகம் வரும். இங்கே பெரும்பாலும் திருட்டு கேஸ்! தோசிமேதிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டு, எடுத்தவனின் புத்தியும் கண்ணும் போகணும் என்கிறார். (கையுறைக்குக் கண்ணா? கொஞ்சம் ஓவர்தான்.)

திருடன் யாரென்று தெரியாததால் ஒரு வாய்பாடு வைத்திருந்தார்கள்: ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ. நாங்கள் கோடில் 'வைல்ட்கார்டு' போடுவோமே, அதேதான். அன்னியானுஸ் என்பவரின் தகட்டில் கிறிஸ்தவனோ பிற சமயத்தவனோ என்றும் சேர்ந்துவிட்டது. காலம் மாறினதும் வாய்பாடும் அப்டேட் ஆகியிருக்கு. பையிலிருந்து 6 வெள்ளிக்காசு போனதற்கு அவர் புலம்பல். கூடவே 18 பேர்களின் பட்டியல்.

அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏன்னா, அன்று மனு எழுதியதும் நான்தான். "வேலைக்கு வர்ற அக்கா பேரை எழுதட்டுமா?" என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ பார்த்தியா? எடுத்தது யாரா இருந்தாலும்னு மட்டும் எழுது."

90 நாள் எப்போதோ முடிந்துவிட்டது. செயின் கிடைக்கவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. அந்த அக்கா இன்னும் தினமும் காலையில் வருகிறார். காபி போட்டால் எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கிறார்.