மின்கலமும் தட்பவெப்பமும்

தொலைவிலிருந்து வானொலி அலைகளால் இயக்கப்பெறும் சிறு ஹெலிகாப்டருக்கு உயிர்நிலையாவது அதன் லித்தியம் மின்கலமே. அது மிகு குளிரையும் பொறாது. மிகு வெப்பத்தையும் பொறாது.

மின்கலத்தினுள் லித்தியம் அயனிகள் ஒரு முனையினின்று மறுமுனைக்குச் செல்லுதலால் மின்னோட்டம் உண்டாகிறது. குளிர் மிகுந்தால் அவற்றின் இயக்கம் தளரும், உள்தடை கூடும், இறகுகள் விரைந்து சுழலுங்கால் மின்னழுத்தம் சட்டெனத் தாழும். அப்போது ஹெலிகாப்டர் கீழே விழவும் கூடும்.

செவ்வாய்க் கோளில் 2021 ஏப்ரல் 19ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது ‘இன்ஜெனுவிட்டி’ என்னும் ஹெலிகாப்டர். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜே. பாலராம் அதன் தலைமைப் பொறியாளர் ஆவார். அங்கே இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 90 பாகை செல்சியஸ் வரை தாழும். ஆதலின், சூரிய ஒளியாற் பெற்ற ஆற்றலின் பெரும்பகுதி மின்கலம் முதலியவற்றைக் குளிரினின்று காப்பதற்கே செலவாயிற்று. 2022 மே மாதத்தில் ஒளி குன்றி ஆற்றல் வற்றவே, செய்தித் தொடர்பு சில நாள் அற்று, பின்னர் மீண்டது. எனினும், 2024 ஜனவரிக்குள் அது 72 முறை பறந்தது.

பின்னலாடைத் தொழிலாற் பெயர்பெற்ற திருப்பூரிலோ அஞ்சத்தக்கது கோடை வெப்பமே. வெயிலில் நிற்கும் வண்டியினுள்ளும் தகரக் கூரையின் கீழும் வைக்கப்படும் மின்கலம் விரைவில் நலியும். லித்தியம் பாலிமர் கலத்தின் மெல்லிய உறை, உள்ளே தோன்றும் வாயுவால் உப்பும், தீப்பற்றுதலும் உண்டு. ஆதலின், பறந்து மீண்ட கலத்தை நன்கு ஆறவிட்ட பின்னரே மின்னேற்றுதல் வேண்டும். நிழலில் வைத்தல் வேண்டும். உப்பிய கலத்தை அறவே விலக்குதல் வேண்டும்.

பொருளின் இயல்பறிந்து பேணுவார்க்கே அது நெடுநாள் பயன் தரும்.