ஒரு வார்த்தைகூட இல்லாத ‘பேசும் படம்’!

போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் டி.வி-யில் ‘பேசும் படம்’ போட்டேன். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் என் பையன் அஞ்சு நிமிஷம் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் ரிமோட்டைத் தூக்கி வால்யூமை ஏற்ற ஆரம்பித்துவிட்டான். ‘‘என்னப்பா, ஸ்பீக்கர் அவுட்டா? ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க!’’

சந்தேகம் நியாயம்தான். சிங்கீதம் சீனிவாச ராவ் 1987-ல் எடுத்த இந்தப் படத்தில் வசனமே கிடையாது. கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’, இந்தியில் ‘புஷ்பக்’. நம்ம ஊரில் மட்டும் எந்தக் குசும்பரோ ‘பேசும் படம்’ என்று பேர் வைத்துவிட்டார்! வசனம் இல்லாவிட்டால் என்ன... தேசிய விருதே வாங்கிய படம் சார்.

படம் வந்த புதிதில் அடியேன் திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசி. பி.காம்., வேலை ‘தேடல்’. ரூமுக்கு மூணு பேர், மாடிக்கு ஒரே பாத்ரூம். விடியற்காலை எங்களுக்குப் பதில் எங்கள் பக்கெட்டுகள் க்யூவில் நிற்கும். படத்தில் கமலும் அதே கேஸ்தான். டிகிரி உண்டு, வேலை இல்லை. அதே பாத்ரூம் க்யூ. போதாக்குறைக்குப் பக்கத்தில் ஒரு தியேட்டர், ராத்திரியானால் ‘டிஷ்யூம் டிஷ்யூம்’ சத்தம். என் ரூம்மேட் இருட்டில் விலாவில் இடித்தான். ‘‘மச்சான், உன் கதையைத் திருடிட்டாங்கடா!’’

ரோட்டில் மட்டையாகிக் கிடக்கிற ஒரு பணக்காரர். அவரிடம் ஸ்டார் ஹோட்டல் ரூம் சாவி. ஆளைத் தூக்கிவந்து தன் ரூமில் கட்டிப்போட்டுவிட்டு, கமல் அந்த ஹோட்டலுக்குக் குடிபோய்விடுவார். அங்கே பஞ்சுமெத்தை, ஏ.சி. எல்லாம் இருந்தும் தூக்கம் வராது. காரணம், நிசப்தம்! பழைய ரூமுக்குப் போய், அந்த தியேட்டர் சத்தத்தை டேப்பில் பிடித்துக்கொண்டு வந்து போட்டதும்தான் குறட்டை வரும். அன்றைக்கு தியேட்டரில் அதிகமாகக் கைதட்டியது மேன்ஷன் ஆசாமிகளாகத்தான் இருக்கும்.

கட்டிப்போட்ட ஆளுக்கும் காலைக்கடன் உண்டே? அதையும் விடவில்லை. பளபளக்கிற கிஃப்ட் பேப்பரில் சுற்றி வெளியே கொண்டுபோய்க் கழட்டிவிடுவார் கமல்! டின்னு ஆனந்த் இன்னொரு ரகம், ஐஸ் கத்தியோடு அலையும் கூலிக் கொலைகாரர். குத்தினால் கரைந்துவிடும், தடயம் இருக்காது. ஆனால் ஐஸ் ஆச்சே சார், எத்தனை நேரம் தாங்கும்?

அமலா... வேண்டாம், இதை வீட்டிலும் படிப்பார்கள்.

சிரித்துச் சிரித்து வந்தவனைக் கடைசியில்தான் உலுக்கிவிட்டது. கமல், ‘நான் பணக்காரன் இல்லை’ என்கிற உண்மையை அமலாவிடம் சொல்லியாக வேண்டும். கடிதமாக எழுதிக் கொடுத்துவிடுகிறார். அமலா கோபப்படவில்லை. ஊரைவிட்டுப் போகும்போது, விலாசம் எழுதிய சீட்டை ஒரு ரோஜாவோடு சேர்த்து வீசிவிட்டுப் போகிறார். காகிதம் காற்றில் பறந்துவிட, கமல் கையில் பூ மட்டும் மிச்சம்.

எனக்குத் தொண்டை அடைத்ததற்குக் காரணம் அமலா இல்லை. ‘மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றில் அக்கவுன்ட்ஸ் வேலை, மாசம் 850 ரூபாய்’ என்று நாலு மாசமாக ஊருக்குப் புளுகிக்கொண்டிருந்தேன். அப்பா தெரு முழுக்கச் சொல்லியாச்சு. பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தாச்சு!

அன்று ராத்திரி ரூம்மேட்டின் இன்லேண்ட் லெட்டரைக் கடன் வாங்கி, உள்ளதை எழுதி, காலையில் மனசு மாறுவதற்குள் தபால் பெட்டியில் போட்டேன். பத்து நாள் சத்தமே இல்லை. பதினோராம் நாள் மணியார்டர் வந்தது, நூறு ரூபாய். கூப்பனில் அப்பாவின் கோணல் கையெழுத்தில் ஒரே வரி. ‘மெஸ்ஸில் பாக்கி வைக்காதே.’ வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழு மாசம் கழித்து நிஜமாகவே வேலை கிடைத்தபோது, அப்பா ரெண்டாவது தேங்காய் உடைத்ததாக அம்மா சொன்னாள்.

இந்தக் கதையை நான் பையனிடம் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. ரிமோட்டை எப்போது கீழே வைத்தானோ தெரியாது, கடைசிவரை அசையாமல் பார்த்தான். கையில் ரோஜாவோடு கமல் மறுபடி வேலைக்கான க்யூவில் நிற்க, படம் முடிந்தது.

‘‘அப்பா...’’ என்றான், டி.வி-யைப் பார்த்தபடியே. ‘‘மூணாவது ரவுண்டு முடிஞ்சிடுச்சு, ஆர்டர்தான் பாக்கினு சொன்னேன்ல... அது கிடைக்கலை. போன மாசமே மெயில் வந்துடுச்சு.’’

கிச்சனில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

‘‘அம்மா அடை போடப் போறா. வா, சூடா சாப்பிடலாம்’’ என்றேன்.