வாடிக்கையாளரின் சொடுக்கு யாருடைய மூலதனம்?

புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருந்த எனது பெரிய நானா, வாங்குபவரை விட வாங்காமல் போகிறவரைத்தான் உன்னிப்பாகக் கவனிப்பார். எதைத் தொட்டார், எதன் முன்னால் அதிக நேரம் நின்றார், எதைப் பிரித்துப் பார்த்த பின் பக்கத்துக் கடைக்குப் போனார் என்பதை வைத்தே மறுநாள் தட்டுகளை மாற்றி அடுக்குவார். இணையத் தேடுபொறிகளும் இன்று இதைத்தான் செய்கின்றன.

ஒரு பக்கம் எதைப் பற்றியது என்பதை அதிலுள்ள சொற்களையும், பிற தளங்கள் அதற்குக் கொடுக்கும் இணைப்புகளையும் வைத்துக் கணிப்பதே வழமை. ஆனால் சொற்களை எவரும் அள்ளிக் கொட்டலாம். 1998இல் தொடங்கிய டைரக்ட் ஹிட் என்ற அமெரிக்க நிறுவனம், தேடியவர்கள் எதைச் சொடுக்கினார்கள், அங்கே எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்று பார்த்தது. உதாரணமாக, 'தொட்டில்' என்று தேடியவர்களில் அநேகர் வெறும் படங்கள் கொண்ட ஒரு பக்கத்தில் நிலைத்து நின்றால், அந்தச் சொல் அங்கே இல்லாவிட்டாலும் அது தொட்டில் பக்கம்தான். வந்த வேகத்தில் திரும்பினால், தலைப்பில் தொட்டில் என்றிருந்தும் பயனில்லை.

ஒரு சிக்கல் உண்டு. மேலே இருப்பதை மக்கள் எப்படியும் சொடுக்குவார்கள். நானாவின் கடையிலும் வாசலில் தொங்கிய சாரத்தைத்தான் எல்லோரும் தொடுவார்கள்! எனவே, கீழே தேடிப்போய்ச் சொடுக்கியதற்கே மதிப்பு அதிகம்.

கூகுளிடமும் 'நேவ்பூஸ்ட்' என்றொரு முறை இருப்பதை, 2023 ஒக்டோபரில் வொஷிங்டன் நீதிமன்றத்தில் அதன் உயரதிகாரி பாண்டு நாயக் விளக்கினார். அது 13 மாதச் சொடுக்குகளை நினைவில் வைத்திருக்கிறது. வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டிய கணக்கு, நீதிபதி அமித் மேத்தாவின் 2024 ஓகஸ்ட் தீர்ப்பில் இருக்கிறது. கூகுளுக்கு 13 மாதத்தில் சேரும் பயனர் தரவைச் சேர்க்க, மைக்ரோசொப்ட்டின் பிங்குக்குப் பதினேழரை வருடங்கள் தேவை. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியதாகத் தீர்ப்பளித்த அவர், 2025 செப்டெம்பரில் அத்தரவின் ஒரு பகுதியைத் தகுதியான போட்டியாளர்களுக்குக் கொடுக்கும்படி உத்தரவிட்டார். அந்தச் சரக்கைக் கூலியில்லாமல் உற்பத்தி செய்தவர்கள் நாம்தான் என்பது வேறு கதை.

எனது சிறிய தளத்திலும் இதைப் பார்த்தேன். 'எங்கள் வரலாறு' என்று பெருமையாக எழுதிய பக்கத்துக்கு வருபவர்கள், அடியில் கிடந்த தொலைபேசி இலக்கத்தைச் சொடுக்கிவிட்டுப் போகிறார்கள். வரலாற்றைக் கீழே இறக்கி, இலக்கத்தை மேலே போட்டுவிட்டேன்.