பழைய டிராக்டரை விற்போர் கவனத்திற்கு

பழைய டிராக்டரைத் தெரிந்தவரிடம் விற்கும் விவசாயிகள் பலர், பணம் வந்ததும் ஆர்.சி.யையும், ஒன்றும் நிரப்பாத 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்தையும் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். வில்லங்கம் இங்கேதான் தொடங்குகிறது. பெயர் மாறும்வரை பதிவேட்டில் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர். வாங்கியவர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், நஷ்டஈடு விற்றவர் தலையில் விழும். பல கை மாறிய ஒரு கார் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் பதிவு உரிமையாளரையே பொறுப்பாக்கியது.

ஆகவே வாங்குபவர் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை நிரப்பிய பின்னரே கையெழுத்திட வேண்டும். விற்ற 14 நாட்களுக்குள் 29-ஆம் படிவத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குச் சேர்ப்பது விற்றவர் கடமை. தரகர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவது சரியன்று. டிரெய்லருக்குத் தனிப் பதிவு இருப்பின் அதற்கும் தனியே எழுத வேண்டும். கடன் தீர்ந்தும் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீங்காதிருந்தால், வங்கியிடம் 35-ஆம் படிவம் பெற்று முதலில் அதை நீக்கிக்கொள்வது நலம்.

பணம் அனுப்பியதாகச் செல்போனில் காட்டும் படத்தை நம்பலாகாது. கணக்கில் வரவான பிறகே சாவியைத் தரவேண்டும். வண்டியை ஒப்படைத்த நாளும் மணியும் குறித்த சீட்டில் வாங்குபவரின் கையொப்பம் பெற்று, பெயர் மாறிய பிறகும் பத்திரமாக வைத்திருக்கவும்.