பனிமலைப் பயணமும் கம்பளியின் காப்பும்

பத்ரிநாதரைப் பாடிய திருமங்கையாழ்வார், பெரிய திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் ஒரே கருத்தை வலியுறுத்துகிறார். உடல் முதிர்ந்து, கோலை ஊன்றி, இருமி இளைத்து நிற்கும் காலம் வருமுன்பே வதரியை வணங்கிவிட வேண்டும் என்பதே அது. ஆயினும் நம்மில் பெரும்பாலோருக்குப் பணி ஓய்வும் பிள்ளைகளின் திருமணமும் முடிந்த பிறகுதான் இமய யாத்திரைக்கு வேளை வாய்க்கிறது. ஆழ்வார் அஞ்சிய அந்த முதுமையுடனேயே மலையேற வேண்டியிருப்பதால், பக்தியோடு தக்க உடையும் உடன் செல்வது அவசியமாகிறது.

குளிரின் அளவு

பத்ரிநாத் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்திலும், கேதார்நாத் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்திலும் உள்ளன. நேபாளத்தின் முக்திநாத் அவற்றினும் உயர்ந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். சென்னையில் அக்கினி நட்சத்திரம் சுட்டெரிக்கும் மே மாதத்திலும், அங்கே இரவு வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. நண்பகலில் வெயில் காயும். அடுத்த நாழிகையில் மழையும் பனிக்காற்றும் சூழும். நனைந்த உடலின்மீது காற்று வீசும்போது குளிர் பன்மடங்காகத் தாக்கும்.

வயது ஏற ஏற உடலுக்குத் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் குறைகிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் சுமை கூடுகிறது. உயரத்தில் பிராணவாயுவும் குறைவு. எனவே கம்பளி ஆடையை வெறும் வசதிப் பொருளாக எண்ணலாகாது; அது உயிர்க்காப்பு.

பெருமாளுக்கும் ஒரு போர்வை

பத்ரிநாத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்துக்காக நடை அடைக்கப்படும் நாளில், மூலவருக்குக் ‘கிருத கம்பளம்’ சாற்றப்படுகிறது. அருகிலுள்ள மாணா கிராமத்துக் கன்னிப் பெண்கள் நெய்து தரும் கம்பளி அது. அதில் பசுநெய்யைத் தோய்த்து எம்பெருமானுக்குப் போர்த்துவர். கோடையில் நடை திறந்ததும் அக்கம்பளி பக்தர்களுக்குப் பிரசாதமாகிறது. அகில உலகையும் காப்பவனுக்கே குளிருக்குப் போர்வை சாற்றும் தலத்தில், அடியார்கள் மெல்லிய பருத்தி ஆடையோடு நடுங்கி நிற்பது பக்திக்கு அடையாளமாகாது.

மூன்று அடுக்கு

ஒரே ஒரு தடித்த ஆடையைவிட, மெல்லிய ஆடைகள் பல அடுக்காக இருப்பதே நல்லது. அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று, உடல் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கிறது. நடக்கும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். நின்றவுடன் மீண்டும் அணியலாம்.

முதல் அடுக்கு, உடலை ஒட்டிய ‘தெர்மல்’ உள்ளாடை. இந்த இடத்தில் பருத்தி பனியன் உதவாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிரச் செய்யும். இரண்டாம் அடுக்கு, கம்பளி ஸ்வெட்டர். கம்பளி சற்று ஈரமானாலும் கதகதப்பை முற்றிலும் இழப்பதில்லை. மூன்றாம் அடுக்கு, காற்றும் மழையும் புகாத மேலங்கி.

வேட்டியும் புடவையும் உடுத்தியே தரிசிக்க விரும்புவோர் அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. உள்ளே தெர்மல் கால்சட்டையும் மேலே கம்பளிச் சால்வையும் இருந்தால் போதும். ஆனால் மலைப்பாதையில் நடக்கும்போது புடவையின் ஓரம் நனைந்து கனத்துக் காலைத் தடுக்கும். வழியில் சல்வார் போன்ற உடை அணிந்து, சன்னிதிக்கு முன் மாற்றிக்கொள்ளலாம். மடி, ஆசாரம் பார்ப்போருக்கும் தயக்கம் வேண்டாம். பட்டும் கம்பளியும் பருத்தியைப் போல் எளிதில் விழுப்பாவதில்லை என்பது பெரியோர் வழக்கு.

காதையும் கழுத்தையும் மூடும் குல்லாய், மப்ளர், கையுறை ஆகியவை கட்டாயம். கம்பளிக் காலுறை மூன்று இணையாவது வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த கல்தளத்தில் நெடுநேரம் வரிசையில் நிற்க நேரும். ஈரமான காலுறையை உடனே மாற்ற வேண்டும். புதிய காலணியை ஊரிலேயே சில வாரங்கள் அணிந்து பழகிக்கொள்வது நலம். நீரிழிவு உள்ளவர்கள் இரவுதோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளமும் தெரியாது, வெந்நீர்ப் பையின் சூடும் தெரியாது.

தீர்த்தமாடும்போது

பத்ரிநாத்தின் தப்த குண்டம் இயற்கையான வெந்நீர் ஊற்று. அதில் நெடுநேரம் அமிழ்ந்திருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றக்கூடும். ஈர உடையோடு சன்னிதிக்கு நடப்பதைத் தவிர்த்து, தலையை நன்கு துவட்டி, உலர்ந்த உடைக்கு மாறிய பின்பே வெளியே வர வேண்டும். முக்திநாத்தில் 108 தாரைகளிலும் இரண்டு குளங்களிலும் விழுவது உறைபனி நீர். இதயநோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். இயலாதவர்களுக்காகவே மந்திர ஸ்நானம், திருநீறு பூசிக்கொள்ளும் ஆக்னேய ஸ்நானம், இறைவனை நினைக்கும் மானஸ ஸ்நானம் என்று தர்ம சாஸ்திரங்கள் மாற்று வழிகளை வகுத்துள்ளன.

அபாய அறிகுறிகள்

இடைவிடாத நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம், காரணமற்ற அயர்வு ஆகியவை உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதைக் காட்டும். குளிர் நீங்காமலே நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலையையும் மார்பையும் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் தந்து, மருத்துவ உதவியை நாட வேண்டும். கை கால்களை அழுத்தித் தேய்க்கக் கூடாது. மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்வது நச்சுப்புகையால் உயிரைப் பறிக்கும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் சோதனை செய்துகொள்வதும், ஏறும் வழியில் ஓரிரு இரவு தங்கி உடலைப் பழக்குவதும் நலம். மருத்துவர் வேண்டாம் என்றால், அதை ஏற்பதில் குறைவு ஏதுமில்லை. திருக்கேதாரத்தைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தே பாடினர் என்கிறது பெரிய புராணம். கயிலைக்குத் தளர்ந்து ஊர்ந்த திருநாவுக்கரசரை இறைவன் திருப்பி அனுப்பித் திருவையாற்றிலேயே காட்சி தந்தான். போகக் கூடியவர்கள் தக்க ஆடையோடு போய் வரட்டும். இயலாதவர்கள் இருந்த இடத்தில் இருந்தே தொழட்டும். இருவர்க்கும் அவன் அருள் ஒன்றே.