மூன்றாம் நாளின் துணை

புகைபிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடத் தீர்மானித்த ஒருவருக்கு முதல் நாள் அத்துணைக் கடினமானதன்று. தீர்மானம் புதியது, வீட்டார் மகிழ்கின்றனர், நண்பர் சிலர் மெச்சுகின்றனர், எஞ்சியிருந்த சிகரெட்டுகளைக் கசக்கி எறிந்த பெருமிதமும் உடனிருக்கின்றது. இரண்டாம் நாள் மாலையில் அப்பெருமிதம் தேயத் தொடங்குகின்றது. மூன்றாம் நாளிலோ காரணமின்றியே கோபம் மூளுகின்றது. படித்த வரியையே மீண்டும் மீண்டும் படிக்க நேர்கின்றது. இரவிலே உறக்கம் கலைகின்றது. மெச்சியவர்கள் அதற்குள் தத்தம் அலுவல்களைப் பார்க்கப் போய்விடுகின்றனர். துணை மிகவும் வேண்டப்படும் நாளில் துணையாவார் அருகில் இல்லை.

வைத்திய உதவியோ பிறர் ஆலோசனையோ இன்றித் தம் மனவுறுதி ஒன்றையே நம்பிப் புகையை விட்டவர்களைப் பற்றிய ஆய்வுகள் பல 2004ஆம் ஆண்டில் ஒருங்கே வைத்து நோக்கப்பட்டன. அவர்களுட் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே மீண்டும் புகைக்கத் தொடங்கினர் என்பதும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை விலகி நின்றோர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையினரே என்பதும் அப்போது தெளிவாயின. எஞ்சிய தொண்ணூற்றைந்து பேரும் உறுதியற்றவர்கள் என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? அவர்களுள் எத்தனையோ பேர் விரதங்களை வழுவாது காப்பவர்கள். குடும்பச் சுமையைத் தனியே தாங்குபவர்கள். குறை வேறெங்கோ இருக்கின்றது என்று கொள்வதே பொருத்தம்.

புகையிலையிலுள்ள நிக்கொட்டின் என்னும் பொருள், புகையை உள்ளே இழுத்த பத்து இருபது விநாடிகளில் மூளையை எட்டிவிடுகின்றது. நாளொன்றுக்கு இருபது சிகரெட் பிடிப்பவர், ஒன்றுக்குப் பத்து முறை புகையை இழுப்பாராயின், ஒரு நாளில் இருநூறு முறையும் ஓராண்டில் 73,000 முறையும் தம் மூளைக்கு அப்பொருளை ஊட்டுகின்றார். வேறெந்தப் பழக்கமும் ஒரு மனிதனிடத்தில் இத்தனை தடவை ஒத்திகை பார்க்கப்படுவதில்லை. மூளையும் இதற்கு ஏற்பத் தன்னை மாற்றியமைத்துக் கொள்கின்றது. நிக்கொட்டினைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் அங்கே பெருகிவிடுகின்றன. குருதியிலுள்ள நிக்கொட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், இரவு முழுவதும் பட்டினி கிடந்த அவ்வாங்கிகள் காலையிலே உணவு கேட்கின்றன. படுக்கையை விட்டு எழுமுன்பே கை தீப்பெட்டியைத் தேடுவது இதனாலேயே. சிகரெட் தமக்கு மன அமைதி தருகின்றது என்று பலர் கூறுவர். அந்த அமைதியின் பெரும்பகுதி, முந்திய சிகரெட்டின் வேகம் தணிந்ததால் எழுந்த தவிப்பு அடங்குவதேயன்றி வேறன்று.

சுருட்டுப் பிடிப்போர் சிலர், தாம் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. ஆதலால் தமக்கு அடிமைத்தனம் இல்லை என்பர். சுருட்டின் புகை காரத்தன்மை மிக்கது. வாயின் உட்புறத் தோலின் வழியாகவே நிக்கொட்டினைக் குருதியிற் சேர்த்துவிடும். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை சென்று விலைபோன காலமும் உண்டு. அந்த மண்ணிலே, தோட்டத்து வேலியோரம் சுருட்டுடன் ஓய்ந்திருக்கும் முதியவர் அதனை விட முயன்றாலும் இதே தவிப்பையே காண்பார்.

தவிப்புக்கு ஒரு கால எல்லை உண்டு என்பது முதல் நாட்களில் எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. விட்ட சில மணி நேரத்தில் அது தொடங்குகின்றது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைகின்றது. பின்னர் இரண்டு முதல் நான்கு வாரங்களிற் படிப்படியாகத் தணிகின்றது. எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு, பசி மிகுதி, மலச்சிக்கல், சிலருக்கு வாய்ப்புண், சிலருக்கு முன்னிலும் அதிகமான இருமல் ஆகியவை இக்காலத்தில் தோன்றலாம். இவற்றைக் கண்டு, புகையை விட்டதால் உடல் கெட்டுவிட்டது என்று அஞ்சுவோர் உளர். உண்மையிலோ, குருதியிற் கலந்திருந்த காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு ஏறத்தாழ ஒரு நாளிலேயே நீங்கிவிடுகின்றது. அது பிடித்திருந்த இடத்தை ஒட்சிசன் மீளப் பெறுகின்றது. மனச்சோர்வு மட்டும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் செல்வது அவசியம்.

இன்னொன்று: புகைக்க வேண்டும் என்னும் கடும் வேட்கை இடைவிடாது நிற்பதில்லை. அலைபோல் எழுந்து, பெரும்பாலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஒருவர் வெல்லவேண்டியது ஆயுள் முழுவதையும் அன்று. அடுத்த ஐந்து நிமிடத்தையே. அருகிலிருப்பவரின் துணையும் இந்த ஐந்து நிமிடத்துக்கே தேவைப்படுகின்றது.

துணை என்ற பெயரிற் செய்யப்படுபவை அனைத்தும் துணையாகிவிடுவதில்லை. மாலையில் வீடு திரும்பும் கணவனின் சட்டையை முகர்ந்து பார்ப்பதும், மேல்மாடியில் ஏன் இத்தனை நேரம் என்று குறுக்கு விசாரணை செய்வதும் காவலாகுமேயன்றித் துணையாகா. காவலை ஏமாற்றுவது மனிதனுக்கு எளிது. ஏமாற்றத் தொடங்கியவன் மீண்டும் புகைக்கவும் தொடங்கிவிட்டான் எனலாம். இதனினும் கேடு பயக்கும் சொல் ஒன்று உண்டு. மூன்றாம் நாளின் சீற்றத்தைத் தாங்கமாட்டாத மனைவி, "இப்படிச் சீறி விழுவதிலும், அதைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாம்" என்று சலித்துக் கூறுகின்றாள். அவள் பொறுமை இழந்ததிற் குற்றமில்லை; ஆயினும் அச்சொல் அவன் காதில் அனுமதியாகவே விழுகின்றது. சீற்றம் தன்மீது எழுந்ததன்று, நிக்கொட்டின் இன்மையால் எழுந்தது, சில நாளில் அடங்குவது என்று முன்னரே அறிந்திருந்தால் அவளுக்கும் அந்நாட்களைக் கடப்பது எளிதாகும். ஆகையால், விடும் நாளைக் குறித்துக்கொண்டவர் அதனை முதலில் வீட்டாருக்கு விளக்கிக் கூறி, எவ்வகை உதவி வேண்டும், எது வேண்டாம் என்பதையும் தாமே சொல்லிவிடுதல் நன்று.

உதவிகள் பெரும்பாலும் சிறியவையே. சாம்பற் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் வீட்டிலிருந்து அகற்றுதல். இரவு உணவு முடிந்தவுடன், வழக்கமாகச் சிகரெட் பற்றவைக்கும் அந்த வேளையில், தெருமுனை வரை உடன் நடந்துவருதல். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசுதல். காரியாலயத்து நண்பர்களின் பங்கு இதனினும் பெரிது. பத்து மணித் தேநீருக்கு எழுதுவினைஞர் நால்வர் ஒன்றாக வெளியே செல்வது வழக்கமாயின், அவருள் ஒருவர் புகையை விட்ட வாரத்தில் ஏனைய மூவரும் பெட்டியை நீட்டாதிருந்தாலே போதும். "ஒன்றுதானே" என்னும் உபசாரம் பலருடைய முயற்சியைக் கெடுத்திருக்கின்றது.

தேநீரைப் பற்றியும் இங்கு கூறவேண்டும். தேயிலை நாட்டினர் பலரும் அறியாத செய்தி அது. புகையிலுள்ள தார்ப்பொருள்கள் ஈரலைத் தூண்டி, தேநீரிலும் கோப்பியிலுமுள்ள கஃபீனை விரைவாகக் கழிக்கச் செய்கின்றன. புகை நின்றதும் அந்தத் தூண்டுதலும் நின்றுபோகும். முன்போலவே ஆறு கோப்பை அருந்துபவரின் குருதியிற் கஃபீன் ஏறத்தாழ இருமடங்காகின்றது. நெஞ்சு படபடக்கின்றது, கை நடுங்குகின்றது, உறக்கம் வருவதில்லை. இவற்றையும் புகையின்மையின் கணக்கிலேயே எழுதிவிடுகின்றனர். முதல் வாரத்திலே தேநீரையும் கோப்பியையும் பாதியாகக் குறைத்தால் தவிப்பில் ஒரு பகுதி தானே நீங்கும். இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவையும் வைத்தியர் மாற்ற நேரிடும். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் உட்கொள்வோரும், மனநோய்க்குக் குளோசபின், ஒலன்சபின் ஆகியவற்றை உட்கொள்வோரும் தாம் புகையை விடப்போவதை வைத்தியருக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

வாயும் கையும் சும்மா இருக்க மறுக்கும். கராம்பு, ஏலக்காய், ஒரு துண்டு இஞ்சி, வறுத்த கச்சான் என எதையேனும் சட்டைப்பையில் வைத்திருக்கலாம். வெற்றிலைக்கு மட்டும் மாறிவிடலாகாது. புகையிலை சேர்ந்த வெற்றிலை அதே நிக்கொட்டினையே தருகின்றது. புகையிலை சேராவிடினும் பாக்கு தானே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் உறுதிசெய்தது. வாய்ப்புற்றுநோய் மிகுந்துள்ள இந்நாட்டிலே அது நெருப்புக்குத் தப்பி எண்ணெய்ச் சட்டியில் வீழ்ந்த கதையாகிவிடும்.

மருந்தின் துணையை நாடுவது தோல்வி என்று எண்ணுவோரும் உளர். 1967இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தனர். புகைபிடிக்க இயலாத நீர்மூழ்கிக் கப்பல்களிற் பணிபுரிந்த மாலுமிகள், வாயில் அடக்கும் புகையிலையைக் கொண்டு காலங்கழித்தனர். புகையின்றி நிக்கொட்டினை மட்டும் சிறிதளவு கொடுத்து, பின் அதனையும் குறைத்துக்கொண்டு வந்தால் என்ன என்னும் எண்ணம் அதிலிருந்து பிறந்தது. நிக்கொட்டின் சுவிங்கம் 1978இல் முதன்முதலாகச் சுவிற்சர்லாந்தில் அனுமதி பெற்றது. தோலில் ஒட்டும் பட்டை பின்னர் வந்தது. இத்தகைய மருந்துகள் வெற்றி வாய்ப்பை ஒன்றரை மடங்கு அளவுக்கு உயர்த்துகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2009இல் இவற்றையும், 2021இல் வரெனிக்கிலின், புப்ரோபியன் ஆகியவற்றையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. யாருக்கு எது உகந்தது என்பதை வைத்தியரே கூறுதல் வேண்டும். மருந்தும் ஆலோசனையும் ஒருங்கே கிடைப்பின் பயன் மிகும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை, 1948 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அத்தகைய ஆலோசனைக்கு வழிசெய்தது. வீட்டிலே மனம்விட்டுப் பேச இயலாதவர்க்கு முகமறியாத ஒருவரின் குரல் சில வேளைகளிற் பெருந்துணையாகின்றது.

இத்தனையும் செய்தபின்னும் ஐந்தாம் நாளில் ஒருவர், கலியாண வீட்டுப் பந்தலின் பின்னே, ஒன்றைப் பற்றவைத்துவிடக்கூடும். அப்பொழுது, "எல்லாம் போயிற்று" என்று மீதிப் பெட்டியையும் முடித்துவிடுவதே வழக்கம். பற்றவைத்தது ஒன்றே, பழக்கம் இன்னும் முழுதாகத் திரும்பிவிடவில்லை. துணைவர் இகழாமற் கேட்கவேண்டியவை மூன்று: எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருடன்? அதனை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரம் நெருங்கும்போது துணைவர் முன்னதாகவே அங்கு வந்து உடனிருப்பாராயின் ஆறாம் நாள் தொடரும்.